‘குடும்ப விவகாரம்’ என்னும் கேடயம்

மனைவியை அடிக்கும் கணவனைப் பற்றிப் பல்கலைக்கழக மேடையிலே பேச ஒரு மாணவி முன்வந்தால், அவளுக்கு முதலிற் கிடைப்பது அறிவுரையே. படிக்க வந்த பிள்ளை படிப்பைப் பார்க்க வேண்டும். கணவன் மனைவி பிணக்கு குடும்ப விவகாரம். அதை வீதிக்குக் கொண்டுவருவது பண்பாடாகாது. இவ்வாறு கூறுவோர் பழமைவாதிகள் மட்டுமல்லர். ஒடுக்கப்பட்டோர் விடுதலையை மேடைதோறும் முழங்குவோரும் வீட்டுப் படலையை அடைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர்.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் இலங்கையில் நடத்திய பெண்கள் நல்வாழ்வு பற்றிய ஆய்வின்படி, கணவனுடனோ துணைவனுடனோ வாழ்ந்த பெண்களுள் 20.4 சதவீதத்தினர் அவனால் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு உள்ளாகியுள்ளனர். ஐவரில் ஒருவர்! விரிவுரை மண்டபத்தில் அமர்ந்து குறிப்பெடுப்போரின் தாய்மாரும் தமக்கைமாரும் இக்கணக்குக்குப் புறம்பானவர்களா?

சட்டம் இருக்கின்றதே, மாணவருக்கு இதில் என்ன வேலை என்பர் சிலர். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருப்பது உண்மையே. அடிபட்ட பெண் நீதவான் நீதிமன்றத்தை நாடி, பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படாத பாதுகாப்புக் கட்டளையைப் பெறலாம். அவள் சார்பில் பொலிஸ் அலுவலரும் விண்ணப்பிக்கலாம். கைநீட்டல் மட்டுமன்றி, தொடர்ந்து இழிவுபடுத்தும் கடுமையான மனவதையும் அச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்கும். ஆயினும் காயத்தோடு பொலிஸ் நிலையம் செல்பவளுக்கு “பிள்ளைகளை யோசித்துச் சமாதானமாகப் போங்கள்” என்ற உபதேசமே கிடைக்குமாயின், அக்கட்டளையைப் பற்றி அவளுக்கு யார் சொல்வது? சட்டத்தை வாசிக்கவும் அதை எளிய தமிழில் அயலவருக்கு விளக்கவும் வல்ல மாணவி சொல்லாவிடில் வேறெவர் சொல்வார்?

சட்டமுங்கூட முழுமையாக வீட்டினுள் நுழைந்துவிடவில்லை. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டபோது, நீதிமன்றத் தீர்ப்பினாற் பிரிந்து வாழும் மனைவி மீதான பலாத்காரமே குற்றமாக்கப்பட்டது. ஒரே கூரையின் கீழ் வாழ்பவள் வெளியே விடப்பட்டாள். குடும்ப விவகாரம் என்ற கேடயத்தைச் சட்டவாக்கிகளும் ஏந்தினர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இக்கேடயத்தை எதிர்ப்பது இறக்குமதிச் சரக்கு என்பது மற்றொரு வாதம். வரலாறு அறியாதோர் கூற்று இது. 1980களில், போர்ச் சூழலின் நடுவே, யாழ்ப்பாணத்திற் பெண்கள் ஆய்வு வட்டம் இயங்கியது. பெண்களின் கவிதைகளைத் திரட்டி 1986இல் ‘சொல்லாத சேதிகள்’ என்ற தொகுதியை வெளியிட்டது. அத்தலைப்பே அன்றைய மௌனத்தின் மீதான குற்றச்சாட்டு. அப்போதும் ‘இது தருணமல்ல’ என்று சொல்ல ஆட்கள் இருந்திருப்பர். தருணம் பார்ப்போருக்கு என்றுமே பஞ்சமில்லை.

இன்று அத்தகைய மாணவிக்கு மன்றங்கள் வழங்குவது, பெரும்பாலும், நவம்பர் 25இல் அரைமணி நேரமும் ஒரு பதாகையும். மறுநாள் பதாகை கழற்றப்படும். அதன்பின், தங்கையை அடித்ததாகப் பெருமை பேசும் சக மாணவனை அவள் விடுதி வாசலில் மறித்துக் கேள்வி கேட்பாளாயின், முன்தினம் தலைவி என்று கைதட்டியவர்களே அவளை வாயாடி என்பர்.