பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும்

திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டப் புறப்படும் ரிக் வண்டி, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று சுற்றிவிட்டு ஊர் திரும்ப மாதக்கணக்காகும். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி ஓட்டுகிறவர்கள் வீட்டில் இருக்கும் நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் தறி ஓடினால்தான் கூலி. சேலத்து வெள்ளிப் பட்டறைகளில் கொலுசை முடித்துக் கொடுத்தால்தான் காசு. இப்படிப் பிழைக்கிற ஊர்களில், மூளை முடக்குவாதமோ ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள குழந்தை இருக்கும் வீட்டில், அந்தக் குழந்தையின் முழுப் பொறுப்பும் தாய் ஒருவரின் தலையில் விழுகிறது. அவருக்கே காய்ச்சல் வந்து படுத்துவிட்டால்? அவருடைய அப்பா இறந்துபோனதாகச் செய்தி வந்தால்? மூத்த மகளின் பிரசவத்துக்கு உடனிருக்க வேண்டியிருந்தால்?

சில மணி நேரமோ, இரண்டு மூன்று நாள்களோ குழந்தையைப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, திரும்ப வந்து அழைத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் இடைக்காலப் பராமரிப்பு. உதவித்தொகை, சக்கர நாற்காலி, அடையாள அட்டை, சிறப்புப் பள்ளி என்று நம் நலத்திட்டங்கள் நீண்டாலும், இந்த ஒன்று மட்டும் இன்னும் விளிம்பிலேயே நிற்கிறது.

ஒரு வேளைச் சோறு

இந்தப் பொறுப்பின் கனம் வெளியே இருப்பவர்களுக்கு எளிதில் பிடிபடாது. கடுமையான மூளை முடக்குவாதம் உள்ள ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். தலை பின்னால் சாயாதபடி தாங்கி, நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். நீர்த்துப்போகாமலும் கட்டி தட்டாமலும் குழையப் பிசைந்த சோற்றைச் சிறு கரண்டியில் எடுத்துக் கொடுத்து, விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் புரையேறும், உணவு நுரையீரலுக்குள் போய்விட்டால் நிமோனியாவில் முடியலாம். ஒரு வேளைக்கே முக்கால் மணி நேரம் ஓடிவிடும். பிறகு நேரம் தவறாமல் வலிப்பு மருந்து. படுக்கைப்புண் வராமலிருக்க இரவில் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்.

இதெல்லாம் அந்தத் தாயின் கைக்கு மட்டுமே தெரியும். பேரன்மீது உயிரையே வைத்திருக்கும் அம்மாயிகூட அவனை ஓர் இரவு தனியாக வைத்துக்கொள்ளத் தயங்குவது பாசக் குறைவால் அல்ல. ராத்திரியில் வலிப்பு வந்தால் என்ன செய்வதென்ற பயத்தால். உறவுக்காரர்கள் இருந்தும் தாய்க்கு ஆள் இல்லாமல் போவது இப்படித்தான்.

சட்டம் சொல்கிறது, ஊர் அறியவில்லை

இதை நம் சட்டங்கள் யோசிக்காமல் இல்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்காக 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம், குடும்பம் நெருக்கடியில் இருக்கும்போது சேவை அளிக்கும் அமைப்புகளுக்குக் கைகொடுப்பதைத் தன் நோக்கங்களில் ஒன்றாகவே சொல்கிறது. அதன் ‘சமர்த்’ திட்டம் இடைக்காலப் பராமரிப்புக்காக உருவானது. 2007-இல் இந்தியா ஏற்பளித்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 28-ஆம் பிரிவு, ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தர வேண்டிய உதவிகளில் இதையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவது பற்றிப் பேசுகிறது.

ஆனால், இவை மாவட்டத்துக்கு வரும்போது பெரும்பாலும் பணமாகச் சுருங்கிவிடுகின்றன. அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கும் கடும் பாதிப்பு உள்ளோருக்கும் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது நல்ல தொகை. இருந்தாலும் நாளொன்றுக்கு 67 ரூபாய்கூட வரவில்லை. 2024-25-இல் தமிழகத்தில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 319 ரூபாய். அந்தக் கணக்கில் பார்த்தால் உதவித்தொகை ஏறக்குறைய ஆறு நாள் கூலி. மருந்துக்கும் அணையாடைக்கும் போக மிஞ்சுவதில் ஆள் வைக்க முடியாது. முடிந்தாலும், வலிப்பு வரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் ஊரில் கிடைப்பதில்லை.

2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறன் குழந்தைகளின் தாய்மாருக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு மறுக்கப்படக் கூடாது என்ற திசையில் முக்கியமான கருத்தைச் சொன்னது. இமாச்சலப் பிரதேசத்து அரசுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. அரசு ஊழியருக்கு அது வெளிச்சம். பண்ணையில் முட்டை பொறுக்கும் பெண்ணுக்கும் தறிக்கூடத்தில் நூல் சுற்றும் பெண்ணுக்கும் விடுப்பு என்பதே ஏட்டில் இல்லாதபோது, அந்தக் கருத்தின் பயன் எட்டாது.

பள்ளிக்கும் இல்லத்துக்கும் நடுவே

தேடிப் போகும் பெற்றோர் முன் இரண்டு கதவுகள்தான் இருக்கின்றன. ஒன்று பகல்நேரச் சிறப்புப் பள்ளி அல்லது ஒன்றிய வள மையத்தின் பயிற்சி. அவை மாலையில் முடிந்துவிடும். கோடை விடுமுறையில், தாய்க்கு மிகவும் தேவைப்படும் காலத்தில், பூட்டியிருக்கும். இன்னொன்று நிரந்தரமாகத் தங்கும் இல்லம். இரண்டு நாளுக்கு மட்டும் பிள்ளையை விட வருகிறவரை அங்கே சேர்த்துக்கொள்வது கடினம். தங்கியிருப்போரின் தலைக்கணக்கில் மானியம் வரும் அமைப்பில், எப்போதோ வரும் ஒருவருக்காகக் கட்டிலையும் ஆளையும் காத்துவைக்க இல்லம் நடத்துகிறவருக்குக் கட்டுப்படியாகாது. காலியாக இருக்கும் கட்டிலுக்கும் பணம் கொடுத்தால்தான் இந்தச் சேவை நிலைக்கும்.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும்: பெற்ற பிள்ளையை அடுத்தவரிடம் விடுவது நம் பண்பாடா? மூச்சுவிட இடமில்லாமல் பல வருடம் ஓடி, உடலும் மனமும் உடைந்த பிறகு ஒரு குடும்பம் பிள்ளையை இல்லத்தில் நிரந்தரமாக விட்டுவிடும் நிலை வருவதைவிட, மாதம் இரண்டு நாள் இளைப்பாறி மீதி நாளெல்லாம் தன்னோடு வைத்துக்கொள்வது பிள்ளைக்கு நல்லது. தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை நிறுத்திய அக்காவுக்கும் நல்லது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்தப் பெற்றோர் எல்லோரையும் அரிக்கும் கேள்வி, “எங்களுக்கப்புறம் இவனை யார் பார்ப்பா?” தாயின் கையைத் தவிர வேறு கையில் சோறு உண்டறியாத பிள்ளை, நாற்பது வயதில் திடீரென்று அந்நியரிடம் போய்ச் சேர்வது கொடுமை. சிறு வயதிலிருந்தே மாதத்துக்கு ஒரு நாள் வேறொருவரிடம் இருந்து பழகுவதுதான் அந்தக் கேள்விக்கான விடையின் முதல் படி.

நம்பிக்கை முதலில்

பெற்றோரின் பயம் காரணமில்லாதது அல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் கருகியது தமிழகத்தின் நினைவில் இருக்கிறது. எனவே பெரிய கட்டிடத்தோடு தொடங்காமல், தெரிந்த முகத்தோடு தொடங்க வேண்டும். கேரளத்தில் உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீயும் சேர்ந்து நடத்தும் ‘பட்ஸ்’ பள்ளிகளும், பதினெட்டு வயதைக் கடந்தோருக்கான மறுவாழ்வு மையங்களும் ஊராட்சி மட்டத்திலேயே இயங்குகின்றன. இங்கிலாந்தில் 2011-இலிருந்து இரவு, வார இறுதி, பள்ளி விடுமுறை நாள்களிலும் இத்தகைய சேவைக்கு ஏற்பாடு செய்யும் கடமை உள்ளாட்சி மன்றங்களுக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. அங்கே பராமரிப்பவரின் ஓய்வு, சலுகை என்ற நிலையைக் கடந்துவிட்டது.

நம்மிடம் அடித்தளம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இயன்முறை சிகிச்சையையும் வலி நிவாரணச் சேவையையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்குச் சிறப்பாசிரியர்கள் போகிறார்கள். உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் ‘உரிமைகள்’ திட்டத்தின் ‘விழுதுகள்’ மையங்கள், சிகிச்சையையும் ஆலோசனையையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் நோக்கம் கொண்டவை.

இவற்றின்மேல் மூன்று அடுக்குகள் போதும். முதலில், ஒவ்வொரு ஒன்றியத்திலும் மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து சில பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஊட்டுதல், வலிப்பு முதலுதவி, தூக்கி இறக்குதல் ஆகியவற்றில் பயிற்சியும் சான்றிதழும் கூலியும் கொடுத்து, மணிக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பலாம். தாய் உடனிருக்கும்போதே சில முறை வந்து பழகிய பிறகுதான் அந்தப் பெண் பிள்ளையைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக, ஒன்றிய வள மையங்களைச் சனிக்கிழமையும் மே மாதமும் பகல் பராமரிப்புக்குத் திறக்கலாம். மூன்றாவதாக, வருவாய்க் கோட்டத்துக்கு ஓரிடத்தில் இரவு தங்க நான்கு கட்டில்கள். எதிர்பாராத ஆய்வு, பெற்றோர் அடங்கிய கண்காணிப்புக் குழு, நேரத்தோடு எழுதிய பராமரிப்புக் குறிப்பு ஆகியவை அங்கே கட்டாயம்.

தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைந்த உள்ளூர் அளவிலான குழுவுக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். பாதுகாவலர் நியமன மனுக்களைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், எந்தெந்த வீட்டில் மாற்று ஆள் இல்லை என்ற பட்டியலை அக்குழு ஒன்றியவாரியாக எடுக்கலாம். பெண்களின் ஊதியமில்லா உழைப்பை மதித்து மகளிர் உரிமைத்தொகை கொடுக்க முன்வந்த அரசுக்கு இந்த வாதம் புதிதல்ல. சேலமும் நாமக்கல்லும் ஆளுக்கோர் ஒன்றியத்தைத் தேர்ந்தெடுத்து, அடுத்த கோடை விடுமுறைக்குள் முதல் அடுக்கைத் தொடங்கிவிட முடியும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. நிதிநிலை அறிக்கையில் தனித் தலைப்பும், பொறுப்பேற்கும் ஓர் அதிகாரியும் தேவை.