உப்பில்லாக் கீரையும் 14 மணி நேர ஆல்பமும்

பாட்டு ரெக்கார்டிங் என்றால் மனசில் வருவது ஏ.சி. போட்ட ஸ்டுடியோ, கண்ணாடித் தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் வரிசையாக வயலின்காரர்கள். 2002 டிசம்பரில், அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ஏக்ரன் என்ற ஊரில் நடந்த ரெக்கார்டிங் வேறு ரகம். ஒரு வீட்டின் அடித்தளத்து அறை. எட்டு டிராக் மட்டுமே பதிகிற, எண்பதுகளின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு டேப் மெஷின். கிடார் வாசித்துக்கொண்டே பாடுகிற 23 வயது டேன் அவர்பாக். டிரம்ஸ் அடிக்கிற 22 வயது பேட்ரிக் கார்னி. மூன்றாவது ஆள் கிடையாது. உட்கார்ந்தார்கள், அடித்தார்கள், 14 மணி நேரத்தில் ஆல்பத்தின் பெரும்பகுதி முடிந்துவிட்டது.

ஆல்பத்தின் பெயர் 'திக்ஃப்ரீக்னெஸ்'. குழுவின் பெயர் 'தி ப்ளாக் கீஸ்'. 2003 ஏப்ரலில் வெளியானது. இருபது வருஷத்துக்கு மேலாகியும் கிடார் பழகுகிற பையன்கள் இதைத் தேடிக் கேட்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அதில்?

முதலில், அதில் என்ன இல்லை என்று பார்த்துவிடலாம். பேஸ் கிடார் இல்லை. கீபோர்டு இல்லை. கோரஸ் இல்லை. பிசிறு தட்டிய இடத்தைச் சீவி எடுத்த அடையாளம் இல்லை. கிடாரின் சத்தத்தை ஒரு சின்னப் பெட்டி வழியாக அனுப்பிக் கரகரப்பாக்கி வைத்திருக்கிறார் அவர்பாக். பழைய ரேடியோவில் ஸ்டேஷன் சரியாக விழாதபோது வருமே, அந்த மாதிரி ஒரு கரகரப்பு. கனத்த கம்பிகளில் அடிநாதம், மெல்லிய கம்பிகளில் மெட்டு. ஒரே கிடாரில் ரெண்டு ஆள் வேலை. அதற்குக் கீழே கார்னியின் டிரம்ஸ், வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் அல்ல, உடைப்பதுபோல் விழுகிறது. சில இடங்களில் டேப்பே சத்தம் தாங்காமல் திணறுவது கேட்கும்.

இங்கிலீஷ் பாட்டு நமக்கெதற்கு என்று நினைக்கிற பெரியவர்கள் ஒரு நிமிஷம் பொறுக்கவும். ஆடி மாசம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது பம்பையும் உடுக்கையும் சேர்ந்து முழங்குவதைக் கேட்டவர்கள்தானே நீங்கள்? மைக் வேண்டாம், மெட்டு மாற வேண்டாம். ஒரே தாளம் திரும்பத் திரும்ப வந்து, கடைசியில் நின்றிருக்கிறவர் காலைத் தானாக அசைக்க வைக்கும். அது பிடித்தவர்களுக்கு இது பிடிக்காமல் போக வாய்ப்பு குறைவு.

இந்த இசைக்கு ஊற்று ப்ளூஸ். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்திக்காட்டில் அடிமைகளாகவும், அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் கூலிகளாகவும் வெந்த கறுப்பின மக்களின் வேலைப்பாட்டிலிருந்தும் அழைப்புக் குரலிலிருந்தும் பிறந்தது. கையில் கிடைத்த வாத்தியம், தொண்டையில் இருக்கிற குரல், இரண்டும் போதும் அதற்கு.

'எளிமையாக, கரடுமுரடாக, உண்மையாக' என்று இந்த ஆல்பத்தைப் புகழாத விமர்சகர் குறைவு. ஏதோ இரண்டு பேரும் தத்துவம் பேசி முடிவெடுத்து எளிமையைத் தேர்ந்தெடுத்த மாதிரி! விஷயம் அவ்வளவு அழகானது இல்லை. ஆல்பம் செய்ய ரெக்கார்டு கம்பெனி கொடுத்த சின்ன முன்பணத்தை வீட்டு வாடகைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஸ்டுடியோவுக்குக் காசு இல்லை. அதனால்தான் அடித்தளத்து அறை. அதனால்தான் பழைய மெஷின். குழு இரண்டு பேரோடு நின்றதுகூடத் திட்டமிட்டதல்ல. 2001-ல் ஒரு நாள் ரெக்கார்டிங்குக்கு வருவதாகச் சொன்ன மற்ற வாத்தியக்காரர்கள் வரவில்லை. வந்த இரண்டு பேரும் வாசித்துப் பார்த்தார்கள், ஒட்டிக்கொண்டது.

இல்லாமை எப்படி ஒரு பாட்டுக்குள் போய் உட்காரும் என்பதைப் பார்க்க மிசிசிப்பி வரை போக வேண்டியதில்லை. மரக்காணம் போதும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணம் வந்ததும் ஜன்னலோரம் ஒட்டிக்கொள்வார்கள். பாத்தி பாத்தியாகத் தேங்கிய கழிநீர், நடுநடுவே வெள்ளைக் குவியல், தலையில் கூடையோடு வரப்பில் நடக்கிற பெண்கள். போனை எடுப்பதற்குள் பஸ் தாண்டிவிடும். சங்க இலக்கியத்தில் எயிற்பட்டினம் என்று வருவது இந்த மரக்காணம்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அந்தப் பெயர் வருகிற நூல் சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்று, 269 அடி. எழுதியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையே கிடக்கிற நாடு என்பதால் இடைக்கழிநாடு. மரக்காணத்துக்கு வடக்கே அந்தப் பெயரில் ஒரு பேரூராட்சி இன்றைக்கும் இருக்கிறது. ஆக, உள்ளூர்க்காரர் எழுதிய உள்ளூர்ப் பாட்டு.

பாணன் என்றால் ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைக்கிற கலைஞன். சிறிய யாழை வைத்திருப்பவன் சிறுபாணன், பெரிய யாழ்க்காரன் பெரும்பாணன். சிறுபாணனின் சீறியாழ் கைக்கு அடக்கமானது, இடப்பக்கம் அணைத்தபடியே நடந்துவிடலாம். கூட விறலி, அதாவது பாடி ஆடுகிற பெண். அந்த யாழின் நரம்பைப் பொன்னை உருக்கிக் கம்பியாக இழுத்ததுபோல் என்கிறார் புலவர்.

வாத்தியத்துக்குப் பொன் உவமை. வீட்டில் என்ன நிலைமை தெரியுமா? சமையலறைக் கூரையின் கழிகள் சரிந்து கிடக்கின்றன. அடுக்களையில் ஒரு நாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகள் முட்டி முட்டிப் பார்க்கின்றன, தாய்க்குப் பால் இல்லை. அது பசியில் குரைக்கிறது. வீட்டுப் பெண் குப்பை மேட்டில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். போடுவதற்கு உப்பு இல்லை. அக்கம்பக்கத்தார் பார்த்துவிட்டால் மானம் போய்விடுமே என்று கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தோடு பகிர்ந்து அந்த உப்பில்லாக் கீரையைத் தின்கிறாள்.

உப்பு விளைகிற கடற்கரைக்கு வழி சொல்கிற பாணன் வீட்டில் கீரைக்கு உப்பு இல்லை! புலவர் இதை வேண்டுமென்றே வைத்தாரா, தற்செயலா, நத்தத்தனாரைத்தான் கேட்க வேண்டும்.

'திக்ஃப்ரீக்னெஸ்' கேட்கும்போது காதில் விழுகிற கரகரப்பும் அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வருகிற சத்தம்தான். அதற்காக, வறுமை வந்தால் பாட்டு நன்றாக வரும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வறுமை வந்தவர்களில் பெரும்பாலோர் பாடாமலே போய்விடுகிறார்கள். ஆல்பத்தின் கவர்ச்சி வேறிடத்தில் இருக்கிறது. இல்லாததை மறைக்க அவர்கள் எதுவும் செய்யவில்லை. பேஸ் இல்லாத பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது. அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் குரல் வந்தாக வேண்டும். அதனால் அவர்பாக் தொண்டையை இறுக்கிப் பாடுகிறார். கார்னி தேவைக்கு மேல் ஓங்கி அடிக்கிறார். இருபது வாத்தியம் இருந்திருந்தால் இரண்டு பேருமே இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் பழைய டேப்பின் இரைச்சல் தயாராக வந்து விழுகிறது. சுத்தமாகப் பதிவான பாட்டின்மேல் அந்த அழுக்கைத் தூவி விற்கிறார்கள். கடையில் தூள் உப்பை வாங்கி வந்து கல் உப்பு மாதிரி உருட்டி வைத்தால் எப்படி இருக்கும்? ஊறுகாய் போடுகிற பாட்டிக்கு ஒரு சிட்டிகையில் தெரிந்துவிடும்.

அடுத்தது, இந்தச் சத்தம் யாருடையது என்ற கேள்வி. வெள்ளைக்காரப் பையன்கள் இருவர் கறுப்பினத்தவரின் இசையை வாசித்துப் பெயர் வாங்குவது அமெரிக்காவில் தீராத வழக்கு. அவர்பாக்கைக் கல்லூரிப் படிப்பிலிருந்து கிடாருக்கு இழுத்தது ஜூனியர் கிம்ப்ரோவின் பாட்டு. 1930-ல் பிறந்த மிசிசிப்பிக்காரர். சூலஹோமா என்ற குக்கிராமத்தில் சொந்தமாக ஒரு பாட்டுக் கொட்டகை நடத்தினார். வார இறுதியில் சுற்றுவட்டாரமே வந்து ஆடும். அவருடைய பாட்டில் சுரக்கட்டு அதிகம் மாறாது. ஒரே இடத்தில் நின்று சுற்றிச்சுற்றி வரும், பம்பை மாதிரியேதான். 'ஆல் நைட் லாங்' என்ற முதல் முழு ஆல்பம் வந்தது 1992-ல், அவருக்கு 62 வயது ஆகும்போது! ஆறு வருஷத்தில், 1998-ல் இறந்துபோனார். 2000-ல் கொட்டகையும் எரிந்துபோனது.

ப்ளாக் கீஸ் பிறகு பெரிய குழு ஆனார்கள். 2010-ல் வந்த 'பிரதர்ஸ்' ஆல்பத்துக்குக் கிராமி விருதுகள், பெரிய பெரிய அரங்குகள், பெரிய சம்பளம். கிம்ப்ரோவுக்கு அந்த உயரம் வாய்க்கவில்லை. இதை நியாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் இவர்கள் ஒரு காரியம் ஒழுங்காகச் செய்தார்கள். அதற்குத் தமிழில் ஒரு பெயரே இருக்கிறது: ஆற்றுப்படுத்துதல்.

ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையே இதுதான். பரிசு பெற்றுத் திரும்புகிற பாணன், எதிரே பசியோடு வருகிற இன்னொரு பாணனைப் பார்க்கிறான். பேசாமல் போய்விடலாம். போகவில்லை. நின்று, நான் இவரிடம் போனேன், நீயும் போ, வழி இப்படி என்று சொல்கிறான். எயிற்பட்டினத்தில் நுளையர் வீட்டுப் பெண் வடித்த கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும். கடல் அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகில் மரங்கள் ஒட்டகம் படுத்திருப்பதுபோல் கிடக்கும். அதைத்தான் அங்கே விறகாக எரிக்கிறார்கள் என்றெல்லாம் விவரம். அப்படியே போனால் கிடங்கில். இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய ஊர். அங்கே ஓய்மானாட்டு நல்லியக்கோடன் இருப்பான், பொற்கலத்தில் சோறு போடுவான்.

ப்ளாக் கீஸ் பரிசிலுக்கு வழி காட்டவில்லை, ஊற்றுக்கு வழி காட்டினார்கள். 'திக்ஃப்ரீக்னெஸ்' ஆல்பத்திலேயே 'எவ்ரிவேர் ஐ கோ' என்ற கிம்ப்ரோ பாட்டு இருக்கிறது. 2006-ல் முழுக்க முழுக்க அவர் பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு சின்ன ஆல்பம் போட்டார்கள். பெயர்? அந்தக் குக்கிராமத்தின் பெயரே: 'சூலஹோமா'. அதன் முடிவில், கிம்ப்ரோவின் மனைவி போனில் விட்ட பாராட்டுச் செய்தியை அப்படியே சேர்த்திருக்கிறார்கள்.

நம் பாணர்களுக்கு அந்தக் கொடுப்பினை வாய்க்கவில்லை. காலப்போக்கில் பாணர் மரபு மங்கியது, யாழ் கையைவிட்டுப் போனது. இலங்கையின் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் வருஷக்கணக்காக உழைத்து, பழைய யாழ் எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு 'யாழ் நூல்' எழுதினார். 1947-ல் வெளியானது. சீறியாழின் சத்தத்தைப் பதிந்து வைக்கத்தான் எந்த அடித்தளத்து அறையிலும் ஒரு டேப் மெஷின் இல்லை.

சரி, கேட்க ஆசை வந்துவிட்டதா? 'திக்ஃப்ரீக்னெஸ்' ஆல்பத்தில் 'செட் யூ ஃப்ரீ' பாட்டில் தொடங்குங்கள். மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், கரகரப்பு மட்டும்தான் கேட்கும், அடிநாதம் கேட்காது, இயர்போன் போடுங்கள். பக்கத்தில் தூங்குகிறவர்களுக்கும் அதுதான் நல்லது. அப்புறம் 'எவ்ரிவேர் ஐ கோ'. அது ஐந்து நிமிஷத்துக்கு மேல், அவசரமே இல்லாமல் நகரும். முதல் தடவை அலுப்பாக இருக்கலாம். சமையல் செய்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ இன்னொரு தடவை கேட்டால் கை தானாகத் தாளத்துக்கு வந்துவிடும்.

அது பிடித்துப்போனால் இன்னொரு சோதனை. 2002-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் 'டூ தி ரம்ப்' என்ற கிம்ப்ரோ பாட்டு உண்டு. கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து, எந்தப் பெரிய ஸ்டுடியோவையும் வாடகைக்கு எடுக்கிற வசதி வந்த பிறகு, 2021-ல் 'டெல்டா க்ரீம்' என்ற ஆல்பத்தில் அதே பாட்டை மறுபடி வாசித்தார்கள். இந்தத் தடவை கிம்ப்ரோவோடு பேஸ் வாசித்த எரிக் டீட்டன் பக்கத்தில் இருந்தார். மொத்த ஆல்பத்துக்கும் எடுத்துக்கொண்டது இரண்டே மதியங்கள், சுமார் பத்து மணி நேரம். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டு, எதில் கரகரப்பு கூட என்று வீட்டில் ஆளுக்கு ஆள் சொல்லிப் பாருங்கள். சண்டை நிச்சயம்.