சொல்லும் பொருளும்: நோயாளியும் திருப்பாடுகளும்



திருவழிபாட்டில் வழங்கும் சொற்களின் பொருளை மாதந்தோறும் இப்பகுதியில் ஆராய்ந்து வருகிறோம். இம்மாதம் ஆலயத்தை விட்டுச் சற்று வெளியே வந்து மருத்துவமனைக்குள் நுழைவோம். அதற்குக் காரணம் உண்டு. கெங்குவார்பட்டியிலிருந்து பெரியகுளத்துக்கும் வத்தலக்குண்டுக்கும் க.விலக்கிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் சென்று திரும்பும் நம் குடும்பத்தார், கையில் பரிசோதனைத் தாளொன்றைக் கொண்டு வருகின்றனர். நோய் ஒருபுறம் வாட்ட, அத்தாளிலுள்ள சொற்கள் மறுபுறம் வாட்டுகின்றன.

ஒருநாள் விடியற்காலையில் ஒரு குடும்பத்தார் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டினர். தாயின் கழுத்திலிருந்த கட்டியைச் சோதித்து எழுதிய தாள் அவர்கள் கையில் இருந்தது. அதில் 'பினைன்' என்றொரு சொல். அது ஏதோ கொடிய புற்றுநோயின் பெயர் என்று எண்ணி, இரவு முழுவதும் உறங்காமல் அழுதிருக்கின்றனர். 'பெனிக்னுஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. நற்குணமுடையது, இரக்கமுள்ளது என்பது அதன் பொருள். அக்கட்டி புற்று அன்று, பிற உறுப்புகளுக்குப் பரவக் கூடியதும் அன்று என்பதையே மருத்துவர் அச்சொல்லால் குறித்திருந்தார். 'மாலிக்னன்ட்' என்று எழுதியிருந்தால்தான் தீக்குணமுடையது, அதாவது புற்று என்று பொருள். நற்செய்தியைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு குடும்பம் இரவெல்லாம் அழுதது. சொல்லின் பொருளைச் சொல்லுவார் இல்லாமற் போனதே அதற்குக் காரணம்.

வீட்டுப் பொருள்களே பெயர்களாயின

மருத்துவச் சொற்கள் விளங்காதவையாக நமக்குத் தோன்றினாலும், பிறந்தபோது அவை எளிய வீட்டுச் சொற்களே. தசையைக் குறிக்கும் 'மஸில்' என்னும் ஆங்கிலச் சொல் 'மூஸ்குலுஸ்' என்னும் இலத்தீனிலிருந்து வந்தது. சிறிய எலி என்பது அதன் பொருள். கையை மடக்கும்போது தோலுக்கடியில் ஏதோ ஓடுவதுபோல் தோன்றுகிறதல்லவா? உரோமர் அதில் எலியைக் கண்டனர். ஆற்றோரம் வாழ்ந்த நம் முன்னோர் அதே இடத்தில் மீனைக் கண்டு 'கெண்டைக்கால்' என்றனர். காலுக்குள் கெண்டை புரளுவதாகக் கண்ட கண்ணும், கைக்குள் எலி ஓடுவதாகக் கண்ட கண்ணும் ஒரே வகையானவை.

முழங்கால் சில்லுக்கு இலத்தீனில் 'பத்தெல்லா', அதாவது சிறிய தட்டு. முன்காலின் பெரிய எலும்பு 'தீபியா'. ஊதுகுழலுக்கும் அதே பெயர்தான். தோளையும் மார்பையும் இணைக்கும் எலும்பு 'கிளாவிகுலா', சிறிய சாவி. கழுத்தில் அணியும் காறையின் பெயரால் நாம் அதனைக் காறையெலும்பு என்கிறோம். நடுச்செவியிலுள்ள மூன்று சிற்றெலும்புகளுக்கு இலத்தீனார் இட்ட பெயர்கள் சுத்தியல், பட்டடை, அங்கவடி என்பனவாம். கொல்லன் பட்டறையே நம் செவிக்குள் இருக்கிறது!

நீரிழிவு நோயின் பெயர் இன்னும் வியப்புக்குரியது. 'டயாபெட்டிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஊடே வழிந்தோடுதல் என்று பொருள். அதனோடு சேரும் 'மெல்லிட்டஸ்' என்னும் இலத்தீனுக்குத் தேன்போல் இனித்தது என்று பொருள். நீர் இழிவதைக் கண்டு 'நீரிழிவு' என்றும், இனிப்பைக் கண்டு 'சர்க்கரை நோய்' என்றும் தமிழர் வழங்குகின்றனர். இரு நாட்டாரும் ஒன்றையே கண்டனர், ஒன்றையே சொல்லினர்.

'கான்செர்' என்பது நண்டு. கட்டியிலிருந்து நாற்புறமும் கிளைத்த நரம்புகள் நண்டின் கால்களைப்போல் தோன்றியதால் அப்பெயர் வந்தது. மண்ணுக்குள் அரித்துப் பரவும் கறையான் புற்றை நாம் நினைத்துக்கொண்டோம். நம் ஊர்ப்புறங்களில் இந்நோயின் பெயரை வாயாற் சொல்லவும் அஞ்சி, 'அந்த வியாதி' என்று மெல்லப் பேசுகிறார்கள். நண்டும் புற்றும் வெறும் உவமைகளே. மரணத் தீர்ப்புகள் அல்ல. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணமாகக்கூடிய புற்றுநோய்கள் பல. பெயருக்கு அஞ்சி மறைப்பவரே காலத்தை இழக்கிறார்.

இலத்தீன் ஏன்?

பண்டைக் கிரேக்கர் வளர்த்த மருத்துவக் கலையை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் இலத்தீன் வழியாகவே கற்பித்தன. 1543-இல் வெசாலியுஸ் வெளியிட்ட புகழ்பெற்ற உடற்கூற்று நூலும் இலத்தீனில் அமைந்ததே. இதயத்தின் இடப்புற மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள வால்வின் இரு மடல்களை, ஆயர்கள் வழிபாட்டில் அணியும் இரு மடல் கொண்ட தலையணிக்கு ஒப்பிட்டவர் அவர். அதனாலேயே அது 'மிட்ரல்' வால்வு எனப்படுகிறது. சிறுவர்களுக்குத் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் மூட்டுவாதக் காய்ச்சல் பெரும்பாலும் தாக்குவது இவ்வால்வையே. தொண்டைப்புண்ணுக்குப் பின் மூட்டுகள் வீங்கினால் பெற்றோர் சற்றும் தாமதிக்கலாகாது.

ஒரே உறுப்புக்குப் பல பெயர்கள் பெருகிக் குழப்பம் மிகுந்தபோது, 1895-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் உடற்கூற்றறிஞர் கூடி, சுமார் 50,000 பெயர்களை ஏறத்தாழ 5,500 இலத்தீன் பெயர்களாகச் சுருக்கினர். நம் ஊருக்கு மேலே எழும் கொடை மலையில், செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியை இயேசு சபையார் நிறுவியதும் அதே 1895-இல்தான். மருத்துவ மாணவரும் குருமாணவரும் உலகெங்கும் ஒரே மொழியால் ஒன்றுபட்டிருந்த காலம் அது. ஆயினும் அறிஞரை ஒன்றுசேர்த்த அம்மொழியே எளிய மக்களுக்கு மதிலாகவும் நின்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பின் ஆலயத்தில் அம்மதில் நீங்கித் தமிழில் திருப்பலி ஒலிக்கலாயிற்று.

தமிழில் மருத்துவம் கற்பித்த கிரீன்

மருத்துவத்தில் அம்மதிலைத் தமிழர்க்காக நூறாண்டுகளுக்கு முன்பே நீக்க முயன்றவர் ஒருவர் உண்டு. அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். பிரிந்த சகோதரராகிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1822-இல் பிறந்த அவர், 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் நோயாளிகளைப் பேணியதோடு உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பித்தார். கிராமத்து மக்களுக்கு மருத்துவம் பயன்பட வேண்டுமானால் அது அவர்கள் மொழியிலேயே கற்பிக்கப்பட வேண்டும் என்று கண்டு, 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' முதலிய பெருநூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. ஒரு கருத்துக்குத் தமிழில் சொல் உண்டா என்று முதலில் தேடுவார். இல்லையேல் வடமொழியில் தேடுவார். அங்கும் இல்லாவிடில்தான் பிறமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவார். 1884-இல் தாய்நாட்டில் இறந்த அவருடைய கல்லறையில், அவர் விரும்பியபடியே, தமிழர்களுக்கான மருத்துவ நற்செய்திப் பணியாளர் என்று பொறிக்கப்பட்டுள்ளது.

இது மொழிப்பற்று மட்டுமன்று. நற்செய்தி காட்டும் வழியும் ஆகும். மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில், செவிடராயிருந்த ஒருவரை ஆண்டவர் 'எப்பத்தா' என்னும் அரமேயச் சொல்லால் குணமாக்குகிறார். அச்சொல் வாசகருக்கு விளங்காதென்று உணர்ந்த நற்செய்தியாளர், அதன் பொருளையும் உடனே சேர்த்தெழுதுகிறார்.

நோயாளி யார்? மருத்துவர் யார்?

இனி, நாள்தோறும் நாம் சொல்லும் மூன்று சொற்களைக் காண்போம். 'டாக்டர்' என்பது கற்பித்தலைக் குறிக்கும் 'தோச்செரே' என்னும் வினையிலிருந்து பிறந்தது. குழந்தை இயேசுவின் தெரசாவுக்கு 1997-இல் திருச்சபை வழங்கிய மறைவல்லுநர் என்னும் பட்டமும் இலத்தீனில் இதே சொல்தான். ஆகவே நோயைப் பற்றி விளக்குவது மருத்துவர் செய்யும் சலுகையன்று. அவருடைய பெயரிலேயே அடங்கிய கடமை.

'ஹாஸ்பிடல்' என்பது விருந்தினரையும் விருந்தோம்புவோரையும் குறிக்கும் 'ஹோஸ்பெஸ்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. அங்கே நோயாளி விருந்தினர்.

'பேஷன்ட்' என்பதோ துன்புறுதலையும் தாங்குதலையும் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. அதே வினையிலிருந்தே ஆண்டவரின் பாடுகளைக் குறிக்கும் 'பாஸ்ஸியோ' என்னும் சொல்லும் பிறந்தது. தமிழிலும் 'படு' என்பது நீண்டு 'பாடு' ஆயிற்று. நோய்ப்பட்டவர் படுகின்ற பாடும் பெரிய வெள்ளியன்று நாம் தியானிக்கும் பாடும் சொல்லளவிலேயே ஒன்று. கட்டிலில் கிடக்கும் உங்கள் தந்தையோ தாயோ வீட்டுக்குச் சுமையல்லர். பாடுபடும் கிறிஸ்துவின் சாயல்.

அவஸ்தைப் பூசுதல் அன்று

ஒரு பெயர் செய்யும் தீங்குக்கு நம் திருச்சபையிலேயே சான்று உண்டு. நோயாளிக்குரிய அருளடையாளத்தை இலத்தீனில் கடைசிப் பூசுதல் என்றனர். நம் முன்னோர் அதனை அவஸ்தைப் பூசுதல் என்றனர். 1963-இல் வெளியான சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, நோயிற்பூசுதல் என்பதே அதற்கு மிகப் பொருத்தமான பெயர் என்று அறிவித்தது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதன் சடங்கையும் புதுப்பித்தார். ஆயினும் பழைய பெயர் நம் நாவை விட்டு அகலவில்லை. "சாமியாரைக் கூப்பிட்டால் அப்பா பயந்துவிடுவார்" என்று சொல்லி, நினைவு தப்பிய பிறகே ஆளனுப்புகிறார்கள். பாவசங்கீர்த்தனம் செய்யவும், நற்கருணை வாங்கவும், பிள்ளைகளோடு சேர்ந்து செபிக்கவும் இயன்ற நாள்கள் வீணாகிவிடுகின்றன. கடும் நோயுற்றோரும் முதுமையால் தளர்ந்தோரும் பெரிய அறுவை சிகிச்சைக்குச் செல்வோரும் இதனைப் பெறலாம். நோய் மோசமடைந்தால் மீண்டும் பெறலாம். நோயுற்றவர் மூப்பரை அழைக்கட்டும் என்றே யாக்கோபின் திருமுகமும் அறிவுறுத்துகிறது. அழைக்க வேண்டியவர் நோயாளி. ஆகவே அவருக்கு நினைவு இருக்க வேண்டுமல்லவா?

வேளாங்கண்ணி அன்னையை ஆரோக்கிய மாதா என்கிறோம். மாதா பிரார்த்தனையில் ஆரோக்கியம் என்று நாம் சொல்லுமிடத்தில் இலத்தீனில் நிற்பது 'சாலுஸ்' என்னும் சொல். உடல்நலம், ஆன்ம மீட்பு ஆகிய இரண்டையும் அது ஒருங்கே குறிக்கும்.

ஆகவே அன்புக் குடும்பத்தாரே, மருத்துவமனைக்குச் செல்லும்போது வீட்டில் படித்த பிள்ளை ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். "டாக்டரம்மா, இந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள்?" என்று கூச்சமின்றிக் கேளுங்கள். கேட்டதை நோயாளிக்கும் அன்போடு விளக்குங்கள். பெரிய நோய் என்று தெரிந்த அன்றே குருவானவருக்கும் சொல்லி அனுப்புங்கள். எந்நேரமாயினும் நாங்கள் வருவோம்.