மூச்சுக்கேற்ற பணியறை

பார்வைக்குத் துப்புரவாகத் தோன்றும் அறை மூச்சுக்கும் துப்புரவானதே என்று கொள்வது எங்கும் காணப்படும் ஒரு தவறு. காலையில் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கி, ஃபினாயில் தெளித்து, ஊதுவத்தி ஏற்றி வைத்த அறை மனத்துக்கு நிறைவளிக்கலாம். ஆனால் ஆஸ்த்மா உள்ள ஒருவருக்கு அம்மூன்று செயல்களில் ஒன்றே இழுப்பை வருவிக்கப் போதுமானதாகலாம். துடைப்பம் படிந்து கிடந்த தூசியைக் காற்றில் ஏற்றுகிறது. ஃபினாயிலின் நெடியும் ஊதுவத்தியின் புகையும் முன்பே வீங்கியுள்ள மூச்சுக்குழல்களை உறுத்துகின்றன.

வீட்டிலேயே அலுவல் பார்க்கும் வழக்கம் 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக்குப் பின்னர் நாடெங்கும் பரவியது. ஆயினும் ஆசிரியர்களுக்கும் கள ஊழியர்களுக்கும் இது புதிதன்று. விடைத்தாள் கட்டுகளும், பதிவேடுகளும், கணக்குப் புத்தகங்களும் நெடுங்காலமாக அவர்களது வீட்டு மூலைகளில்தான் அடுக்கப்பட்டு வந்துள்ளன. அம்மூலையில் நாள்தோறும் பல மணி நேரம் அமர்ந்திருப்பவர் அங்குள்ள காற்றையே ஓயாது சுவாசிக்கிறார். அக்காற்றின் தன்மையைக் கவனிப்பது அலுவலின் ஒரு பகுதியே ஆகும்.

இதனைச் சிறு தொல்லை எனத் தள்ளிவிடுவதற்கில்லை. உலக நோய்ச்சுமை பற்றிய 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஆஸ்த்மா உள்ளோர் ஏறத்தாழ 3½ கோடி. இது உலகிலுள்ள நோயாளிகளில் சுமார் எட்டில் ஒரு பங்கு. ஆனால் ஆஸ்த்மாவினால் உலகில் நேரும் மரணங்களிலோ ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இந்நாட்டில் நிகழ்ந்ததாக அம்மதிப்பீடு காட்டுகிறது. நோயை மறைத்தலும், உறிஞ்சு மருந்தை அஞ்சி விலக்குதலும், தூண்டும் பொருள்களின் நடுவே வாழ்தலும் இவ்வேறுபாட்டுக்குத் துணை செய்கின்றன.

வீட்டுத் தூசியில் ஒவ்வாமையை விளைவிப்பது யாது என்பது நெடுநாள் புதிராகவே இருந்தது. 1964ஆம் ஆண்டில் நெதர்லாந்து விஞ்ஞானிகளான வூர்ஹோர்ஸ்டும் ஸ்பீக்ஸ்மாவும் அவர்களுடைய துணைவர்களும், தூசியில் வாழும் ஒரு நுண்ணிய உண்ணியே அதற்குக் காரணம் எனச் சுட்டினர். மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு நீளமுள்ள அவ்வுண்ணி மனிதத் தோலினின்று உதிரும் செதில்களைத் தின்கிறது. அதன் கழிவுத் துணுக்குகளே மூச்சுடன் உட்சென்று தீங்கு செய்பவை. அது நீர் அருந்துவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சி வாழ்கிறது. ஆகவே காற்றின் ஈரப்பதம் நெடுநாள் 50 சதவீதத்துக்குக் கீழிருந்தால் அது வாடி மடியும். சுவரில் பூஞ்சணம் படர்வதும் ஈரத்தாலேயே. இவ்விரண்டின் உயிர்நாடி ஈரம் என்றறிந்தால், போராட வேண்டிய இடமும் விளங்கும்.

இந்தியா ஒரே தட்பவெப்பம் உடைய நாடன்று. கொங்கணம், கேரளம், வங்கம் ஆகிய ஈரப் பகுதிகளில் உண்ணியும் பூஞ்சணமும் முதற் பகைகள். இராஜஸ்தானத்தின் வறண்ட பகுதியில் உண்ணி குறைவு, புழுதியே மிகுதி. வடக்குச் சமவெளியில் குளிர்காலப் புகைமூட்டம் சாளரத்தின் வழியே உட்புகுகிறது. 1955ஆம் ஆண்டளவில் புனேயில் கவனத்துக்கு வந்து பின்னர் நாடெங்கும் பரவிய பார்த்தீனியம் என்னும் களை, தோலழற்சியையும் மூக்கில் ஒவ்வாமையையும் தருவது. அது வீட்டு வாயிலிலேயே வளர்ந்து நிற்பதுண்டு. எனவே ஓர் ஊருக்குச் சொன்ன அறிவுரையை மற்றோர் ஊருக்கு அப்படியே சொல்வது பொருந்தாது.

புகையைப் பற்றி மட்டும் எங்கும் ஒரே விதி கூறலாம். 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கொசுவத்திச் சுருள் முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் எனக் கண்டது. மூடிய அறையில் சுருளைக் கொளுத்திவிட்டுத் தாள் திருத்துவதைக் காட்டிலும், கொசுவலைக்குள்ளோ வலையடித்த சாளரத்தின் அருகிலோ அமர்வது மேல்.

விலைமிக்க கருவி ஒன்றை வாங்கிவிட்டால் போதும் என்ற நம்பிக்கையும் இன்று பெருகி வருகிறது. இது திருத்தப்பட வேண்டிய கருத்து. பிரிட்டனில் ஆஸ்த்மா உள்ள 1,122 பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளியான சோதனையில், படுக்கைக்கு உண்ணி புகாத உறையிடுவது ஒன்றினால் மட்டும் நன்மை விளையவில்லை. அமெரிக்காவின் ஏழு நகரங்களில் 937 குழந்தைகளின் வீடுகளில் உண்ணி, கரப்பான் பூச்சி, புகை, பூஞ்சணம் ஆகியவற்றுள் அவரவர்க்கு ஒவ்வாதவற்றை ஒருங்கே குறைத்தபோது, நோய் தோன்றும் நாள்கள் குறைந்தன; அம்முடிவு 2004இல் வெளிவந்தது. தனியொரு பொருளன்று, பல நற்பழக்கங்களின் சேர்க்கையே பயன் தருவது என்பது இதனால் விளங்கும். காற்றைச் சுத்திகரிக்கும் எனக் கூறி ஓசோன் வாயுவை வெளியிடும் கருவிகளோ மூச்சுக்குழலுக்கே ஊறு செய்பவை.

அப்பழக்கங்கள் எளியவை. உலர்ந்த துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணியால் துடைக்கலாம். தூசி தட்டும் வேலையை நோயற்ற ஒருவர் செய்யலாம். பதிவேடுகளைச் சுவரை ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளி, மூடியுள்ள பெட்டியில் வைக்கலாம். கூரை ஒழுக்கை மழைக்கு முன்பே அடைக்கலாம். மெத்தையிட்ட நாற்காலியை விடுத்து மர நாற்காலியில் அமரலாம். விரிப்புகளையும் உறைகளையும் வாரந்தோறும் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தலாம். எச்சில் பாத்திரத்தை மேசையில் விடாதிருந்தால் கரப்பான் பூச்சி நாடாது.

ஒரே அறையில் உண்டு, உறங்கி, அலுவலும் பார்க்கும் குடும்பத்துக்கு இவை இயலுமா எனக் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தனியறை இல்லாவிடினும், படுக்கைக்கும் அடுப்புக்கும் எட்டிய மூலை ஒன்று இருத்தல் கூடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டுவதும் இல்லை. இழுப்பு எந்நேரத்தில், எதன் பின்னர் வந்தது என்று இரண்டு வாரம் குறித்து வந்தால், தமக்கு ஒவ்வாதது இன்னதென்று பெரும்பாலும் புலப்படும். அதனை முதலில் அகற்றலாம்.

இவையாவும் மருந்துக்குத் துணையேயன்றி மாற்றாகா. மருத்துவர் தந்த உறிஞ்சு மருந்தை அறை துப்புரவாயிற்று என்று நிறுத்துதல் கூடாது. ஊர்தோறும் செல்லும் ஊழியரும் வகுப்பில் நிற்கும் ஆசிரியரும் இவ்விரு செய்திகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்கு முன், தம் வீட்டுப் பணிமூலையில் அவற்றைக் கைக்கொண்டு காட்டுதல் வேண்டும். தாமே மூச்சுத் திணறிக்கொண்டு சொல்லும் அறிவுரையை எவரும் ஏற்கார்.