பாட்டில் மட்டும் குடுத்தா போதுங்களா?

மாடித்தோட்டம் வெச்சிருக்கிற சென்னைத் தங்கச்சி ஒருத்தர் போன வாரம் போன் பண்ணினாங்க. "அண்ணா, தேங்காய் நார்க்கழிவுல வெண்டை போட்டேன், எல்லாம் மஞ்சளா நிக்குது"ன்னு. கேட்டதுமே தெரிஞ்சுது, மக்காத பித்து. எங்க பொள்ளாச்சிப் பக்கம் மஞ்சி மில்லுக்கு வெளியே மலை மாதிரி கிடக்குதே, அதேதான்.

பச்சைப் பித்துல தழைச்சத்து ஒரு பங்குன்னா கரிமச்சத்து நூறு பங்குக்கு மேல. அதைத் தின்ன வர்ற நுண்ணுயிர் செடிக்கு வெச்ச தழைச்சத்தையும் சேர்த்துப் பிடுங்கிக்கும். அதோட லிக்னின்கிற மரச்சத்து சுமார் 30 சதவீதம். லேசுல மக்காது. அதை உடைக்கிற திறமை சில பூஞ்சாணங்களுக்குத்தான் உண்டு. நீங்க வறுத்துச் சாப்பிடற சிப்பிக்காளான் அதுல ஒண்ணு. அதுக்குப் பல்லா இருக்கு? லாக்கேஸ் மாதிரி நொதிகளை வெளியே கசிய விட்டு, கரைஞ்சு வர்றதை உறிஞ்சிக்கும். (ஜீன்ஸ் துணியை வெளுக்க வைக்கவும் இதே லாக்கேஸைப் பயன்படுத்தறாங்களாம்!)

கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக் கணக்கு, ஒரு டன் பித்துக்கு 5 பாட்டில் காளான் வித்து, 5 கிலோ யூரியா. நூறு கிலோ பித்து பரப்பி வித்து, அது மேல நூறு கிலோ பரப்பி யூரியா, இப்படி மாத்தி மாத்திப் பத்து அடுக்கு.

எனக்கு ஒரு கூட்டத்துல பாட்டிலை இலவசமாக் குடுத்தாங்க. போட்டோவும் எடுத்தாங்க. நிழல் வேணும், ஈரம் இவ்வளவு வேணும்னு ஒருத்தரும் சொல்லலை. சித்திரை வெயில்ல, வெட்ட வெளியில குமிச்சேன். 5 கிலோவுக்கே மக்கும்னா 15 கிலோவுக்குச் சீக்கிரம் மக்கும்னு யூரியாவை வேற அள்ளிப் போட்டேன். பத்து நாள் கழிச்சுக் கையை விட்டா உள்ளே சுடுது, மேலே காஞ்சு பறக்குது, மூக்கைக் குத்தற நெடி. காளான் வெந்து செத்திருக்கு. இது தழைக்கிறது 25, 30 டிகிரியில. அது புரியாம, காளான்காரனுக ஏமாத்தறானுகன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

மறுதடவை தென்னை நிழல்ல போட்டோம். தண்ணி விடறது வீட்டுக்காரம்மா பொறுப்பு. ஒரு பிடி அள்ளிப் பிழிவாங்க. விரலிடுக்குல தண்ணி சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் நனையணும். அதுதான் 60 சதவீத ஈரம்ங்க, மீட்டரெல்லாம் வேண்டாம். பத்து நாளைக்கு ஒருக்கா கிளறிக் காத்து விட்டோம். வெள்ளை நூலாப் படர்ந்து, ரெண்டு மாசத்துல கருத்து, மழை பேஞ்ச மண்ணு வாசம் வந்துருச்சு.

எத்தனை சூடு, எத்தனை ஈரம், எத்தனை தீனி இருந்தா நொதி நல்லாச் சுரக்கும்னு ஆராய்ச்சிக்காரங்க மாசக்கணக்கா உக்காந்து பார்க்கறாங்க. அந்த உழைப்புல எங்களுக்கு வந்து சேர்றது பாட்டில் மட்டும். மிச்சமெல்லாம் பேப்பரோட நின்னுருது. பாட்டில்ல இருக்கறது மருந்து இல்லீங்க, உசுரு. நாலு பாட்டிலைக் குறைச்சுக்கிட்டு, நாலு கீத்து நிழலுக்குக் காசு குடுங்க. இல்லாட்டி, தோத்த குவியலைப் பார்க்கவாவது ஒரு அதிகாரி தோட்டத்துக்கு வரட்டும். ஜெயிச்சதைப் பார்க்க மட்டும்தானே வர்றாங்க!

தங்கச்சிக்கு ரெண்டு மூட்டை மக்கின பித்து அனுப்பினேன். எருவோட விலையை விட லாரி வாடகை ஜாஸ்தி. வெண்டை என்னாச்சுன்னு இனிமேதான் கேக்கணும்.