திங்கட்கிழமை காணாமல்போகும் தமிழ்

"அண்ணே, தமிழ் திரும்பவும் போயிருச்சு."

பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில், பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறோம். லினக்ஸ் போட்ட பத்துப் பழைய மெஷின்கள், நாற்பது பிள்ளைகள். ஒரு மெஷினுக்கு நாலு பேர், ஆளுக்கொரு கணக்கு. மேலே சொன்னது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு தங்கச்சி. எதையாவது தெரியாமல் அமுக்கியிருப்பாள் என்று நினைத்து, தமிழ்க் கீபோர்டைத் திரும்பச் சேர்த்துக்கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமையும் அதே கதை.

மூன்றாவது வாரம்தான் விளங்கியது, பிழை எங்களுடையது. பத்து மெஷினையும் ஒவ்வொன்றாகச் சரிபண்ண முடியாது என்று அன்சிபிளைப் பயன்படுத்துகிறோம். 2012இல் மைக்கேல் டிஹான் உருவாக்கிய இலவச மென்பொருள் அது. 2015இல் ரெட் ஹாட் நிறுவனம் வாங்கியது. மெஷின் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிவைத்தால், ஒவ்வொரு முறை ஓடும்போதும் எல்லாவற்றையும் அந்த நிலைக்கே கொண்டுவந்துவிடும். நாங்கள் எழுதிவைத்ததில் எல்லோருக்கும் ஒரே கீபோர்ட் அமைப்பு: ஆங்கிலம். திங்கள் காலை அது ஓடும். பிள்ளைகள் சேர்த்துவைத்த தமிழை அழித்துவிடும்.

என்னைக் குத்தியது இதுதான்: நாற்பது பேரில் ஒருத்தி மட்டும்தான் கேட்டாள். மற்றவர்கள் பேசாமல் 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் அப்படித்தான், நாமதான் பழகிக்கணும் என்று நினைத்துவிட்டார்கள்.

குழுவில் ஒரு நண்பன் சொன்னான்: "எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கிறதுதானே மச்சான் நியாயம்? ஆளுக்கொரு மாதிரி செஞ்சா யாரு பராமரிக்கிறது?" இரண்டாவது கேள்வி நியாயமானது. முதலாவதை நான் ஏற்கவில்லை. லயத்தில் எல்லாக் காம்பராவும் ஒரே அளவுதான். உள்ளே இரண்டு பேர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் அதே அளவு. அதை நம்ம ஆட்கள் யாரும் சமத்துவம் என்று சொன்னதில்லை.

தமிழ்க் கீபோர்டிலேயே ஒரே மாதிரி கிடையாது. இலங்கையில் ரெங்கநாதன் அமைப்பு இருக்கிறது. தமிழ்நாடு 1999இல் தரப்படுத்தியது தமிழ்99. டைப்பிங் வேலை பழகிய அக்காமாருக்குக் கை போவது பாமினியில். போனில் பழகிய தம்பிக்கு இது எதுவுமே தெரியாது. சிங்கள மொழிமூலம் படிக்கிற பிள்ளைக்கு விஜேசேகரவும் வேண்டும். இதில் எது 'எல்லோருக்கும்'?

பராமரிப்புக்கு வழி இருக்கிறது, கஷ்டமும் இல்லை. ஒரு பட்டியல் போடுங்கள்: ஆளின் பெயர், மொழி, கீபோர்ட், எழுத்தின் அளவு. அன்சிபிள் அந்தப் பட்டியலை ஒவ்வொருவராக எடுத்து, அவரவர் கணக்கில் அவரவர் அமைப்பை வைக்கும். கோப்பை நகலெடுக்கும் இடத்தில் 'ஃபோர்ஸ்: ஃபால்ஸ்' என்று ஒரு வரி சேருங்கள். கோப்பு இல்லாவிட்டால் மட்டும் வைக்கும். ஏற்கெனவே இருந்தால் தொடாது. பாதுகாப்பு அப்டேட், பிரிண்டர், வைஃபை எல்லாம் மெஷினுக்குப் பொது. அதை நாம் முடிவுசெய்யலாம். கீபோர்டும் எழுத்தளவும் அந்த ஆளுடையவை. முதல் நாள் கொடுப்பதோடு நம்ம வேலை முடிந்தது.

இன்னொன்று, பெயர். லினக்ஸில் லாகின் பெயரை ஆங்கிலச் சின்ன எழுத்தில் வைப்பதுதான் வழக்கம். ஆனால் முழுப்பெயருக்கென்று தனி இடம் உண்டு, அதில் தமிழிலேயே எழுதலாம். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர் என்று கச்சேரி கச்சேரியாக அலைந்த குடும்பங்கள் நம்மிடம் எத்தனை! பிள்ளையிடமே கேட்டு, அது எழுதுகிற மாதிரியே பதியுங்கள்.

1987இல் வந்த 13ஆம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி ஆனது. கந்தோரில் தமிழ்ப் படிவம் இல்லையென்றால் நாம் சண்டை போடுகிறோம், போடவும் வேண்டும். ஆனால் எங்கள் அறையில் தமிழை அழித்தது எந்தக் கந்தோரும் இல்லை. நாங்கள் எழுதிய ஒரு கோப்பு.

இப்போது அந்தப் பட்டியலில் நாற்பது பெயர் இருக்கிறது. அந்தத் தங்கச்சி ரெங்கநாதன் கேட்டாள், எழுத்தையும் கொஞ்சம் பெரிசாக்கச் சொன்னாள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு அறை இருந்தால், அடுத்த முறை அன்சிபிளை ஓடவிடும் முன் பிள்ளைகளிடம் ஒரு தடவை கேளுங்கள்.