கையுறைக்குச் சான்றிதழ் கேட்காதீர்கள்: ரேனாட்ஸ் பாதிப்புள்ள மாணவர்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

உதகை, குன்னூர், கொடைக்கானல் பகுதிப் பள்ளிகளில் மார்கழி, தை மாதக் காலை வழிபாட்டில் நிற்கும் பிள்ளைகளில் சிலருக்கு விரல் நுனி திடீரென்று வெளுத்துப்போகும். வெளுப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்று கோடு போட்டுக் காட்டலாம். பிறகு நீலம் பாரிக்கும். வகுப்புக்குள் வந்து சூடேறும்போது சிவந்து, குத்தலும் எரிச்சலுமாக வலிக்கும். அந்த நேரத்தில் பேனாவைப் பிடிக்க முடியாது. கால் விரல்களிலும் இதே கதைதான். குளிரிலோ பதற்றத்திலோ சிறு ரத்தக்குழாய்கள் அளவுக்கு மீறி இறுகிக்கொள்வதால் வருவது இது. 1862-இல் பிரெஞ்சு மருத்துவர் மொரீஸ் ரேனாட் இதை விவரித்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இந்தப் பிள்ளைகள் கையுறை, கூடுதல் காலுறை அணியப் பெற்றோரின் கடிதமே போதும் என்பது எங்கள் நிலைப்பாடு. மருத்துவச் சான்றிதழ் கேட்கக் கூடாது. மருத்துவர் முன்னால் போய் உட்காரும்போது விரல் பெரும்பாலும் சாதாரணமாகத்தான் இருக்கும். எதைப் பார்த்து அவர் எழுதிக் கொடுப்பார்? குழந்தைகளுக்கான வாதநோய் மருத்துவர்களும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள். ஒரு ஜோடி கையுறைக்காகத் தோட்டத் தொழிலாளி ஒரு நாள் கூலியை இழந்து மலையிறங்க வேண்டுமா?

ஒருவருக்கு அனுமதித்தால் எல்லாரும் கேட்பார்கள் என்கிறார்கள் சில தலைமையாசிரியர்கள். கேட்கட்டுமே. உறைபனிக் காலையில் எல்லாப் பிள்ளைகளும் கையுறை போட்டால் யாருக்கு நஷ்டம்?

அதற்காக மருத்துவரிடமே போக வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தனியாக வருவது, உள்ளுறுப்புகளுக்குக் கேடில்லை. சிலருக்கு மட்டும் லூபஸ், ஸ்க்ளீரோடெர்மா போன்ற நோய்களின் முதல் அறிகுறியாக, சில சமயம் பல ஆண்டுகள் முந்திக்கொண்டும் வரும். ஆகவே ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனையும், நகக்கண் ஓரத்து நுண்குழாய்களை உருப்பெருக்கிப் பார்க்கும் சோதனையும் ஒரு முறையாவது செய்ய வேண்டும். மருத்துவரிடம் காட்ட, வெளுக்கும்போதே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். கறுத்த மேனியில் புறங்கையில் வெளுப்பு எடுப்பாகத் தெரியாது. உள்ளங்கைப் பக்கமாக எடுங்கள். மூட்டு வீக்கம், தோல் இறுக்கம், விழுங்குவதில் சிரமம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். விரல் நுனியில் புண் வந்தாலோ கறுத்தாலோ அன்றைக்கே மருத்துவமனை. கவனக்குறைவுப் பிரச்சினைக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் சில மருந்துகளும் இதைத் தூண்டும். மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. மரத்துப்போன விரலை அடுப்பருகிலோ கொதிநீரிலோ காட்டாதீர்கள். சுடுவது தெரியாமல் வெந்துவிடும். வெதுவெதுப்பான நீர் போதும், இல்லையென்றால் அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். தேர்வறையில், விரல் பழைய நிலைக்கு வர ஆகும் பத்து, பதினைந்து நிமிடத்தைக் கூடுதலாகக் கொடுங்கள். ஏசி வகுப்பறை வைத்திருக்கும் சமவெளிப் பள்ளிகளுக்கும் இவை பொருந்தும்.